ஊசி குத்துவது தலைவிதியா?

ஆஸ்பத்திரிகளில் ஊசி போடும் நர்சுகளுக்கும், இரத்தம் எடுக்கும் சிப்பந்திகளுக்கும், குப்பை வாரும் தொழிலாளர்களுக்கும், நோயாளியின் உடம்பில் குத்தி எடுத்த ஊசி கையில் குத்திவிடுவதென்பது சாதாரணமாய் நடந்துவரும் சங்கதியாகும். அப்படிக் குத்திவிட்டால் நம்மவர்கள் சொல்லும் சமாதானங்கள் இரண்டே இரண்டு. "என்ன செய்வது, அவள் தலையெழுத்து" என்பது ஒன்று. "அஜாக்கிரதையாய் இருந்தாள், குத்திக்கொண்டாள்" என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்லுகிறவர் நெற்றியில் பட்டை போட்டவராயிருப்பார். பின்னதைச் சொல்லுகிறவர் படித்தவராகவும், மேலதிகாரியாகவும், தம்மைப் பகுத்தறிவுக்காரர் என்று எண்ணிக்கொண்டவராகவும் இருப்பார். ஆனால் இவ்விரண்டு சமாதானங்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்று நாம் சொல்லுகிறோம். ஏனெனில், இரண்டும் குத்துப்பட்டவள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு, குத்தின ஊசியைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவிடாமல் செய்துவிடுகின்றன.

ஒரு கிணறு இருக்கிறது. அதற்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. இருட்டில் போகிற ஒருவன் அதில் விழுந்து சாகிறான். அவன் ஜாதகத்தில் ஜலகண்டம் இருந்தது என்று சோசியன் சொல்லுவான். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு போனான் என்று கிணற்றுக்காரன் கேட்பான். புத்தியுள்ளவனோ, செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கிச் சுவர் எழுப்புவான். சுவர் எழும்பிய பிறகு, ஜலகண்டம் உள்ள ஜாதகக்காரனும் விழுவதில்லை. பராக்குப் பார்த்துக்கொண்டு நடப்பவனும் விழுவதில்லை. அப்பொழுது ஜாதகமும் எங்கே போயிற்று? அஜாக்கிரதையும் எங்கே போயிற்று? ஊசிக்கும் இப்படி ஒரு கைப்பிடிச் சுவர் கட்ட முடியுமா என்றால், முடியும். கட்டியும் ஆகிவிட்டது. அந்தச் சுவர் யார் யாருக்குக் கிடைக்கிறது, யார் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

ஊசி குத்துவது என்ன பிரமாதம், முள் குத்துவதில்லையா என்று சிலர் கேட்கலாம். முள்ளுக்கும் இந்த ஊசிக்கும் உள்ள வித்தியாசம், ஊசியின் குழலுக்குள் மற்றொருவருடைய இரத்தம் தங்கியிருப்பதேயாகும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய்களும், எச்.ஐ.வி.யும் அந்தத் துளி இரத்தத்தின் வழியாக வரக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்மேல் பட்ட ஊசி, தடுப்பு மருந்து போட்டுக்கொள்ளாத ஒருவரைக் குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரை இருக்கிறது. சி என்னும் நோய்க்கு அது 100க்கு இரண்டுக்கும் குறைவு. எச்.ஐ.வி.க்கு 1000க்கு சுமார் 3. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதென்பதை 1986ஆம் ஆண்டில் சென்னையிலேதான் முதல் முதல் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுநீதி சாலமன் அவர்களும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா செல்லப்பன் அவர்களுமாகிய இரண்டு பெண்மணிகள். "நம் நாட்டுக் கற்பிலும் ஒழுக்கத்திலும் அந்த நோய் எப்படி வரும்?" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை, ஒரு பெண் எடுத்து வந்த இரத்தச் சோதனை அடைத்துவிட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, உலகத்திலுள்ள மூன்றரைக் கோடி சுகாதாரத் தொழிலாளர்களில் சுமார் 30 லட்சம் பேர் வருஷந்தோறும் இப்படி நோய்க் கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசியாலும் கத்தியாலும் குத்துப்படுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஏழை நாட்டவர்கள். மூன்றரைக் கோடி பேரில் 30 லட்சம் பேர் ஒரே வருஷத்தில் அஜாக்கிரதைக்காரர்களாகிவிட்டார்கள் என்று சொல்லுவது நியாயமாகுமா? இத்தனை பேர் கையில் ஒரு கருவி குத்துகிறதென்றால், குற்றம் கையிலா, கருவியிலா?

இனி, குத்துப்படுகிறவர்கள் யார் என்று பார்ப்போம். வீராணம் ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து ஒரு விவசாயி காய்ச்சலோடு காட்டுமன்னார்கோயிலுக்கு வருகிறார்; அங்கு முடியாததைச் சிதம்பரத்துக்கு அனுப்புகிறார்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் டாக்டர் சீட்டு எழுதுகிறார். நர்ஸ் ஊசி போடுகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் கைநீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் குழந்தை திமிறுகிறது. அந்த அவசரத்தில் ஊசியை மறுபடியும் மூடிக்குள் சொருகப் பார்க்கிறாள். ஊசி மூடிக்குள் போகாமல் விரலுக்குள் போய்விடுகிறது. அவளுக்காவது இது யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியும். அந்த நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லலாம். அதற்கும் அப்பால், குப்பைப் பையைக் கட்டித் தூக்கிப்போகும் துப்புரவுத் தொழிலாளி இருக்கிறாரே, அவர் காலிலோ தொடையிலோ குத்துவது யாருடைய ஊசி? அதை ஒருவராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தக் கூலியாய் இருப்பதால், மேஸ்திரியிடம் சொன்னால் வேலை போய்விடுமென்று பயந்து, சொல்லாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. டாக்டருக்கும் ஊசி குத்தத்தான் செய்கிறது, நாம் மறுக்கவில்லை. ஆனால், குத்தினால் என்ன செய்யவேண்டுமென்று அவருக்குத் தெரியும். கேட்க நாதியும் உண்டு. பெண்ணாய்ப் பிறந்த நர்சுக்கும், தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்த தொழிலாளிக்கும் அந்த நாதிதான் இல்லை.

காட்டுமன்னார்கோயில் என்றால், நாதமுனியும் ஆளவந்தாரும் பிறந்த ஸ்தலம் என்று வைணவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அதற்கு அடுத்த ஆதனூர்தான் நந்தன் ஊர் என்றும் சொல்லுகிறார்கள். அந்த நந்தன் சிதம்பரம் கோயிலுக்குள் நுழைவதற்கு நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்பது புராணம். இன்றைக்கு நந்தனுடைய பேரப்பிள்ளைகள் ஒரு ஆஸ்பத்திரிக்குள் துடைப்பத்தோடு நுழைவதென்றால் ஒருவரும் தடுப்பதில்லை. நெருப்புக்குப் பதிலாகக் குப்பைக் கூடையில் ஊசி காத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதே காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் அவர்கள் தலைமையில் 1965இல் மத்திய சர்க்கார் ஒரு குழு அமைத்தார்கள். அது தீண்டாமையைப் பற்றி விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்தது. தீண்டாமை என்பது கோயில் வாசலிலும் டீக்கடை டம்ளரிலும் மட்டும் இருப்பதல்ல. யாருடைய கை எந்தக் குப்பைக்குள் போகவேண்டுமென்பதைப் பிறப்பைக் கொண்டு முடிவு செய்வதும், அந்தக் கைக்கு வரும் கேட்டைப் பற்றி ஊரார் கவலைப்படாமலிருப்பதும் தீண்டாமையே ஆகும்.

நிற்க. ஊசிக்குக் கட்டிய சுவர் எப்படிப்பட்டதென்று விளக்குவோம். பிரான்சில் பிராவாஸ் என்பவரும், ஸ்காட்லாந்தில் உட் என்பவரும் 1853ஆம் ஆண்டு வாக்கில் ஊசியும் குழலும் சேர்ந்த சிரிஞ்சை உண்டாக்கினார்கள். நூற்று எழுபது வருஷம் ஆகியும், நம்மிடம் பெரும்பாலும் புழங்குவது ஏறக்குறைய அதே உருவந்தான். கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. புதிய பாதுகாப்புச் சிரிஞ்சுகளோ இரண்டு ஜாதி. ஜாதி என்றவுடன் பயப்படவேண்டாம். இவை வேலையால் பிரிந்தவையே தவிரப் பிறப்பால் பிரிந்தவையல்ல. முதல் வகை, ஒரு தடவை மருந்தைத் தள்ளினவுடன் தண்டு பூட்டிக்கொள்ளுவது. மறுபடியும் பின்னால் இழுத்தால் தண்டு நகராது, அல்லது ஒடிந்துபோகும். ஆகவே, ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போட முடியாது. இங்கிலாந்து தேசத்து மார்க் கோஸ்கா என்பவர், ஊசியால் எச்.ஐ.வி. பரவப்போகிறது என்று 1984இல் பத்திரிகையில் படித்துவிட்டு, இப்படிப்பட்ட ஒன்றைச் செய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அதைப் பழைய யந்திரங்களிலேயே சிறு மாறுதலோடு செய்யலாம்படியாகவும் அமைத்தார். நம் நாட்டிலும் இவ்வகைச் சிரிஞ்சுகள் கோடிக்கணக்கில் தயாராகின்றன. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் சர்க்கார் இவற்றையே உபயோகித்து வருகிறார்கள். இது பாராட்டத் தக்கதே.

ஆனால் இங்கேதான் ஒரு மயக்கம் இருக்கிறது. தண்டு பூட்டிக்கொண்டதே தவிர, ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டுதானே நிற்கிறது? அது அடுத்த நோயாளியைக் காப்பாற்றும்; ஊசி போட்டவளையும், அதைக் குப்பையிலிருந்து அள்ளுகிறவரையும் காப்பாற்றாது. அவர்களைக் காப்பதற்குத்தான் இரண்டாவது வகை. அதில் சிலவற்றுக்கு வெளியே ஒரு உறை இருக்கும். ஊசி போட்டபின் அதே கைவிரலால் முன்னால் தள்ளினால் ஊசியை மூடிப் பூட்டிக்கொள்ளும். சிலவற்றுக்குக் கீல் வைத்த மூடி இருக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு வில் இருக்கிறது. மருந்து முழுவதும் இறங்கித் தண்டு அடியைத் தொட்டவுடன், ஆமை தலையை இழுத்துக்கொள்ளுவதுபோல் ஊசி குழலுக்குள்ளேயே போய்விடும். பிறகு அதைக் குப்பையில் போட்டால் என்ன, கையில் பிடித்தால் என்ன? குத்துவதற்கு முனையே இல்லை. "பாதுகாப்புச் சிரிஞ்சு வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று யாராவது சொன்னால், "யாருக்குப் பாதுகாப்பு?" என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் கேரன் டேலி என்று ஒரு நர்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர். 1998ஆம் வருஷம் பாஸ்டன் நகரத்தில், கையுறை போட்டுக்கொண்டு, ஊசியைப் போடவேண்டிய பெட்டியிலே போடப்போகும்போது, பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசி அவர் விரலில் குத்திவிட்டது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி ஆகிய இரண்டும் அவருக்குத் தொற்றின. இதில் அவர் அஜாக்கிரதை எங்கே இருக்கிறது? அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தம் பெயரையும் நோயையும் மறைக்காமல் வெளியே சொல்லி, நாடு முழுவதும் பேசினார். அவரைப்போன்ற நர்சுகளும் தொழிற்சங்கங்களும் செய்த கிளர்ச்சியின் பயனாக, 2000ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டில் சட்டம் வந்தது. முனை மறையும் சிரிஞ்சுகளைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை என்றது அச்சட்டம். எந்தச் சிரிஞ்சை வாங்குவதென்று ஊசி போடுகிறவர்களையே கேட்கவேண்டும் என்றும், குத்துக் காயங்களுக்குத் தனிக் கணக்கு வைக்கவேண்டும் என்றும் விதித்தது. சட்டம் அமுலுக்கு வந்த 2001ஆம் ஆண்டில், ஆஸ்பத்திரிகளில் ஊசிக் காயங்கள் 100க்குச் சுமார் 38 வீதம் குறைந்துபோனதாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதே நர்சுகள், அதே கைகள், அதே அவசரம். ஒரே வருஷத்தில் அவர்கள் தலையெழுத்தை யார் திருத்தி எழுதினார்கள்? ஐரோப்பிய நாடுகளும் 2010இல் இதேபோல் விதி செய்துகொண்டன.

ஊசி முனையைத் திருத்துவதால் காரியம் ஆகுமென்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சியம் உண்டு. அம்மை நோயை மாரியாத்தாள் போட்ட முத்து என்று சொல்லி, வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். 1960களில் ரூபின் என்பவர் நுனி இரண்டாய்ப் பிளந்த கவட்டை ஊசி ஒன்றைச் செய்தார். முன்பு பிடித்த மருந்தில் கால்வாசியே அதற்குப் போதுமானதாயிருந்தது. சாதாரண ஆளும் சீக்கிரத்தில் அதைப் பழகிக்கொண்டான். அந்த ஊசியும், வீடு வீடாய்த் தேடிப்போன தொழிலாளர்களின் உழைப்பும் சேர்ந்து, 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லாமற் செய்தன. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று அறிவித்தார்கள். ஆத்தாள் கோபித்துக்கொண்டு எங்கே போனாளோ தெரியவில்லை!

இனிச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சொல்லுவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில், எல்லா நாடுகளும் 2020க்குள் பாதுகாப்புச் சிரிஞ்சுகளுக்கு மாறவேண்டுமென்று கேட்டுக்கொண்டது. பழைய சிரிஞ்சு 3 அல்லது 4 அமெரிக்க சென்ட் என்றால், புதியது குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு ஆகுமென்பதையும் அது மறைக்கவில்லை. முனை மறையும் வகை இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். ஆனால் குத்துப்பட்ட ஒருவருக்கு 28 நாள் மருந்து, மூன்று நான்கு தடவை இரத்தச் சோதனை, வேலை இழப்பு, "நமக்கு வந்துவிட்டதோ?" என்று மாதக்கணக்கில் தூக்கமில்லாமை, நோய் வந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் அழிவு ஆகிய இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு கும்பாபிஷேகத்தில் குடம் குடமாய்க் கொட்டும் பாலுக்கும் நெய்க்கும் ஊரார் வரி போட்டுக்கொள்ளும்போது ஒருவரும் செலவைப் பற்றிக் கேட்பதில்லை. மனிதன் விரலைக் காப்பாற்ற இரண்டு காசு அதிகம் என்றால்மாத்திரம் பொருளாதார சாஸ்திரம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது!

செலவைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. வேண்டாத ஊசியை நிறுத்திவிட்டால், வேண்டிய ஊசியை நல்ல ஊசியாக வாங்கலாம். நம் ஜனங்கள் மந்திரத்தை விட்டு ஊசியைப் பிடித்துக்கொண்டார்களே தவிர, நம்பிக்கையின் தன்மை மாறவில்லை. தலைவலிக்கும் ஊசி, சளிக்கும் ஊசி, அசதிக்கும் ஊசி. மாத்திரை கொடுத்தால், "என்ன டாக்டர், ஊசி போடவில்லையே?" என்று முகம் சுளிக்கிறார்கள். முன்பு தாயத்துக் கட்டினவன் இடத்தில் இன்று போலி வைத்தியன் சிரிஞ்சோடு உட்கார்ந்துகொண்டான். உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் ஜில்லாவில் 2018இல் பல பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது, ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட போலி வைத்தியன்மேல்தான் குற்றம் சாட்டப்பட்டது. 2014இல் கம்போடியா தேசத்து ரோக்கா என்னும் ஒரே கிராமத்தில் இருநூறு பேருக்குமேல் இவ்விதமே தொற்றிற்று. காவடி எடுத்து அலகு குத்துகிற இடத்திலும், காதுகுத்துப் பந்தலிலும், ஒரே ஊசி பல உடம்புகளுக்குள் போனால் இதே ஆபத்துத்தான். ஆண்டவன் சந்நிதி என்பதற்காகக் கிருமி வெளியே நிற்பதில்லை. வாயால் விழுங்கிச் சரியாகும் நோய்க்கு ஊசி வேண்டாமென்று சொல்லுவதும் பகுத்தறிவுப் பிரசாரமேயாகும்.

நம் தோழர்கள் வீட்டுக்குள்ளும் ஒரு காரியம் இருக்கிறது. நீரிழிவுக்காகத் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இன்று பட்டணத்திலும் இருக்கிறார்கள், பட்டிக்காட்டிலும் இருக்கிறார்கள். அந்த ஊசி எங்கே போகிறது? வாழைப்பழத் தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. மறுநாள் பஞ்சாயத்துத் தொழிலாளியின் கையில் போய் நிற்கிறது. மேடையில் ஜாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வீட்டு ஊசியை இப்படி எறிகிறவர் எப்படிச் சுயமரியாதைக்காரர் ஆவார்? கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளைப் போட்டு, நிறைவதற்கு முன்பே மூடியை இறுக்கி ஒட்டி, "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுப்பதற்கு ஒரு சல்லிக் காசு செலவாகாது.

குத்துப்பட்டவர்கள் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். குத்தின இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவவேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் கடந்தால் பிரயோஜனமில்லை. ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. ஆஸ்பத்திரித் தொழிலாளர்களுக்கும், அதன் குப்பையைக் கையாளுகிறவர்களுக்கும் அதைப் போடவேண்டுமென்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே சொல்லுகின்றன. குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில்தான் ஊசிகளைச் சேர்க்கவேண்டுமென்பதும் அதே விதிகளில் உள்ளதுதான். சி என்னும் நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லையானாலும், இப்போது மாத்திரையால் குணப்படுத்த முடிகிறது. ஆகவே, வெட்கப்பட்டோ பயந்தோ மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

புதிய சிரிஞ்சை வாங்கிப்போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. கையால் தள்ளி மூடவேண்டிய வகையானால், நெருக்கடியில் மூடாமலே விட்டுவிடக்கூடும். தானாகவே முனை மறையும் வகையே மேலானது. எதுவானாலும் பழக்கிக் கொடுக்கவேண்டும். வெள்ளைப் பெட்டி ஊசி போடுகிற கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே, சர்க்காரை நாம் கேட்பது நாலு காரியங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிக் கழகத்தார் 1995 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துகளை மொத்தமாய் வாங்கிச் சகாயமாய்க் கொடுப்பதில் நல்ல பெயர் எடுத்திருக்கிறார்கள். அதே மொத்தக் கொள்முதலால் முனை மறையும் சிரிஞ்சின் விலையையும் இறக்கி, பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரி முதல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லாவற்றுக்கும் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. வாங்குமுன் நர்சுகளையும் சோதனைச்சாலைச் சிப்பந்திகளையும் கேட்கவேண்டும் என்பது இரண்டு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்தும், தடித்த கையுறையும் செருப்பும், குத்துப்பட்டால் சம்பளத்தோடு சிகிச்சையும் கிடைக்கவேண்டும் என்பது மூன்று. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஊசிக் காயக் கணக்கு வைத்து, யாரையும் தண்டிக்காமல், வருஷந்தோறும் வெளியிடவேண்டும் என்பது நாலு.

தோழர்களே! காட்டுமன்னார்கோயில் பகுதியானாலும் வேறெந்தப் பகுதியானாலும், நீங்கள் இரத்த தான முகாம் நடத்தும்போதும், ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப்போகும்போதும், "இந்த ஊசி இனி எங்கே போகும்? யார் கை இதை எடுக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தனக்குக் குத்தின ஊசி புதிதா என்று பார்ப்பவன் புத்திசாலி. தனக்குக் குத்தின ஊசி மற்றவனைக் குத்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பவனே மனிதன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை வைத்துக்கொண்டு, விழுந்தவன் தலையில் எழுதியிருந்ததை இன்னும் எத்தனை காலத்துக்குப் படித்துக்கொண்டிருப்பது?